சேஸிக்கு எந்தப் பூச்சு? பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பழைய ஜீப்புகளையும் புல்லட்டுகளையும் கடைசி போல்ட் வரை பிரித்து, புதிதாகக் கட்டித் தருவது எங்கள் தொழில். இன்ஜினைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம் (புல்லட்டில் ஃப்ரேம் என்போம்), அதன் பூச்சு என்று வந்தால் மட்டும் எல்லோரும் கேட்பது அதே கேள்விகளைத்தான். போனில் பாதி சொல்லி, பாதி மறந்து, மறுபடி சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சேஸி யாரு கண்ணுல படப்போகுது? ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேல கறுப்பு எனாமல் ஒரு கோட் போதாதா?

ஜன்னல் கம்பிக்குப் போதும். சேஸிக்குப் போதாது. டயர் வாரி அடிக்கும் கல்லும் சேறும் நேராகச் சேஸியில்தான் விழுகின்றன. அந்தச் சேறு மூலைகளில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் வழியாக ஈரம் மெல்ல உள்ளே இறங்கிவிடும். அதன் செம்மண் நிறத்தைப் பார்த்து ‘துருவுக்கு மருந்து’ என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் துருவைத் தடுக்கும் சக்தி அந்த நிறத்தில் இல்லை.

“நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கெல்லாம் இதைத்தானே அடிக்கிறார்கள்?” என்பார்கள். உண்மைதான். ஆனால் லாரி எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அடியில் கழுவி மறுபடி அடித்துவிடுகிறார்கள். உங்கள் ஜீப்பில் பாடியை ஏற்றி உட்கார வைத்த பிறகு, அந்தச் சேஸியை அடுத்த பதினைந்து வருடத்துக்கு யாரும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பதினைந்து வருடத்துக்குத்தான் இப்போது பூச்சு தேர்ந்தெடுக்கிறோம்.

பவுடர் கோட்டிங்னா என்னங்ணா? அதுவும் பெயின்ட்தானே?

பெயின்ட்டில் தின்னர் இருக்கும், இதில் இல்லை. மாவு போன்ற பிளாஸ்டிக் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கிறார்கள். எர்த் செய்த இரும்பில் அது போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே அடுப்புக்குள் தள்ளி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் வைத்தால் பொடி உருகி, ஓடி, ஒரே தோலாக இறுகிவிடும். அந்தத் தோலின் தடிமன் பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் அவ்வளவுதான் இருக்கும்.

கடைக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பொடி என்பது. வெறும் எபாக்ஸி பொடி இரும்பை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துவிடும். வெளியில் ஓடும் வண்டிக்கு மேல் பூச்சு ப்யூர் பாலியஸ்டராக இருக்க வேண்டும். பீரோ, கட்டில் அடிக்கும் கடைகளில் இரண்டும் கலந்த பொடிதான் கையிருப்பில் இருக்கும். நீங்கள் கேட்காவிட்டால் அதைத்தான் அடிப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

பவுடர் கோட்டிங்கா, டூ-கே பெயின்ட்டா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

சரி. புல்லட் ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங். ஜீப் சேஸிக்கு டூ-கே எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் டூ-கே பாலியூரித்தேனும். என் பட்டறையில் இதுதான் வழக்கம். டூ-கே என்றால் பெயின்ட்டோடு ஹார்டனர் கலந்து அடிப்பது. அது காற்றில் உலர்வதோடு நிற்பதில்லை, இரண்டும் வினைபுரிந்து இறுகும்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், புல்லட் ஃப்ரேம் உருண்டைக் குழாய். பொடி சுற்றிலும் சமமாகப் படியும், சின்ன அடுப்பிலும் அடங்கும். ஜீப் சேஸி பத்தடிக்கு மேல் நீளம். அந்த அளவு அடுப்பு எல்லாக் கடையிலும் இல்லை. இருந்தாலும் கனமான இரும்பு சூடேற நேரம் பிடிக்கும். அடுப்பின் காற்று 200 டிகிரியைத் தொட்டதும் கடிகாரத்தை ஓடவிட்டால் பொடி அரைவேக்காடாக நின்றுவிடும். இரும்பே அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். இன்னொரு சிக்கல் உள்மூலைகள். கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டமும் பக்கச் சட்டமும் சேரும் இடுக்கில் மின்புலம் நுழையாது, பொடியும் போகாது. துரு முதலில் பிடிக்கும் இடமும் அதுதான். அந்த இடுக்கில் ஸ்பிரே கன்னைச் சாய்த்துப் பிடித்தோ, பிரஷ்ஷால் குத்தியோ பெயின்ட்டை ஏற்றிவிடலாம்.

கடைசியாக ஒன்று. ஜீப் சேஸி கல்லடி வாங்காமல் இருக்கப்போவதில்லை. டூ-கே பூச்சில் அடிபட்ட இடத்தை மட்டும் தேய்த்து அடித்துவிடலாம். பவுடரில் அது அவ்வளவு சுலபமில்லை. நான் எப்போதும் கேட்கும் கேள்வி ‘எது அதிகக் கெட்டி’ என்பதல்ல, ‘எதை நீங்களே சரி செய்துகொள்ள முடியும்’ என்பதுதான்.

பிளாஸ்டிங் பண்ணித்தான் ஆகணுமா? கிரைண்டர்ல வயர் பிரஷ் போட்டு பளபளன்னு தேய்ச்சுட்டேனே.

அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். வயர் பிரஷ் துருவை எடுப்பதைவிடத் தேய்த்து மினுக்குவதுதான் அதிகம். குழிகளுக்குள் துரு அப்படியே இருக்கும். வழவழப்பான இரும்பில் பிரைமருக்குப் பிடிமானமும் கிடைக்காது. பிளாஸ்டிங் என்றால் அழுத்தக் காற்றால் சொரசொரப்பான மணிகளை இரும்பின் மேல் வீசி அடிப்பது. அது இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது: குழிக்குள் உள்ளதைப் பெயர்க்கிறது, இரும்பின் முகத்தைச் சொரசொரப்பாக்குகிறது. எஸ்.ஏ. 2.5 தரத்துக்கு வேண்டும் என்று கேளுங்கள். துரு, பழைய பெயின்ட், ஆலைச் செதில் (இரும்பு ஆலையிலிருந்தே ஒட்டி வரும் கருஞ்செதில்) எல்லாம் போய், அங்கங்கே லேசான கறை நிழல் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலை அது.

இதைச் சொந்த அனுபவத்தில்தான் கற்றேன். நான் முதன்முதலில் கட்டிய புல்லட் ஃப்ரேமைக் கையால் தேய்த்துப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினேன். வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் ஒரு சின்னக் கொப்புளம். நகத்தால் கிள்ளினேன், ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து வந்தது. அடியில் முழுக்கச் செந்துரு. பொடியிலும் குறையில்லை, அடுப்பிலும் குறையில்லை. நான் அடியில் விட்டுவைத்த துரு அது.

பிளாஸ்டிங் எங்கே செய்தாலும் உலர்ந்த ஆற்று மணலைப் போட்டு அடிக்கும் இடத்துக்கு மட்டும் வேலை கொடுக்காதீர்கள். அந்தச் சிலிக்கா தூசு அங்கே வேலை செய்பவரின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். வந்தால் குணமாகாது. ஸ்டீல் கிரிட், கார்னெட், காப்பர் ஸ்லாக் என்று மாற்று இருக்கிறது. காசு கொஞ்சம் கூடும், கொடுங்கள்.

பிளாஸ்டிங் முடிச்சு ராத்திரி அப்படியே விட்டுட்டேன். காலையில லேசா செம்மண் கலர்ல இருக்கு. தின்னர்ல துடைச்சுட்டு அடிக்கலாமா?

கூடாது. தின்னர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், துருவை எடுக்காது. இன்னொரு தடவை லேசாகப் பிளாஸ்டிங் ஓட்டிவிட்டு அன்றே பிரைமர் அடியுங்கள். பிளாஸ்டிங் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வளவு அவகாசமும் கிடைக்காது.

காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அடிக்காதீர்கள். இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் பெயின்ட் அடிப்பீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், வியர்வையில் உப்பு இருக்கிறது.

துருவைக் கறுப்பா மாத்துற மருந்து கடையில விக்குது. அதை அடிச்சா பிளாஸ்டிங் செலவு மிச்சம்தானே?

அதில் பெரும்பாலும் இருப்பது டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். மெல்லிய துருவை இது நிலையான கறுப்புப் படலமாக மாற்றும். கனத்த துருவில் மேல்தோல்தான் மாறும், அடியில் உள்ளது அப்படியே கிடக்கும்.

பிளாஸ்டிங் முனை எட்டாத இடுக்குக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழுச் சேஸிக்கும் இதையே நம்ப வேண்டாம். இதன்மேல் எபாக்ஸி பிரைமர் அடிப்பதாக இருந்தால், அந்தப் பிரைமர் இதை ஏற்குமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அமிலப் படலத்தின் மேல் எபாக்ஸி சரியாக இறுகாமல் போவதுண்டு.

பவுடர் கோட்டிங் கடைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எதைக் கழட்டணும், எதை மறைக்கணும்?

சூட்டில் உருகக்கூடியதும் கருகக்கூடியதும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சைலன்ட் புஷ், ரப்பர், ஒயரிங், பேரிங் எல்லாம் வெளியே. பழைய வேலையில் யாராவது ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தால் அடுப்பில் அது ஒழுகும். சாதாரணப் பட்டி போட்டிருந்தாலும் தாங்காது, பொரிந்து பெயரும். வெல்டிங் வேலை முழுவதும் இதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வெல்டு பொறி, கசடு எல்லாவற்றையும் தட்டி எடுங்கள். கூரான விளிம்புகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். எந்தப் பூச்சும் கூர்முனையில் மெலிந்துதான் நிற்கும்.

மறைக்க வேண்டியவை: மரை உள்ள துளைகள், ஸ்டியரிங் பேரிங் கப் உட்காரும் இடம், இன்ஜின் மவுன்ட் முகங்கள், எர்த் ஒயர் பிடிக்கும் இடம். எர்த் இடத்தை மறந்துவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சேஸி நம்பர். பிளாஸ்டிங் அதை அரித்துவிடலாம், பூச்சு அதை நிரப்பிவிடலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும்போது எழுத்து விழாவிட்டால், அந்த வண்டிக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்டிங்குக்கு முன் கனத்த ரப்பர் ஒட்டு, அடுப்புக்கு முன் சூடு தாங்கும் டேப், கடைசியில் அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய ஒரு கோட் தெளிவான லாக்கர். கடைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது, நீங்களே ஒட்டிக் கொடுங்கள்.

செவன் டேங்க் பிராசஸ் பண்ணித் தர்றோம்னு சொல்றாங்க. அதுதான் பெஸ்ட்டா?

தகட்டுச் சாமானுக்கு அருமையான முறை. எண்ணெய் நீக்கம், அமிலத்தில் துரு நீக்கம், பாஸ்பேட் ஏற்றுதல், நடுநடுவே அலசல் என்று தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பார்கள். பாஸ்பேட் படலம் பொடிக்கு நல்ல பிடிமானம்.

ஆனால் மூடிய குழாயும் பெட்டிச் சட்டமும் உள்ள சேஸியில் அமிலம் உள்ளே போனால் திரும்பி வராது. எவ்வளவு அலசினாலும் இடுக்கில் தங்கி, மாதங்கள் கழித்து வெல்டு ஓரத்தில் கசியும். அப்படிப்பட்ட சேஸிக்குப் பிளாஸ்டிங்தான் என் முடிவு.

பாக்ஸ் சேஸிக்கு உள்ளுக்குள்ளயே துரு பிடிக்குதே, அதுக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் நான் பார்த்த ஓட்டை விழுந்த சேஸிகளில் பாதிக்கு மேல் உள்ளிருந்துதான் அரித்திருந்தன. மேலே பூச்சு புதிதாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று வராமல் ‘பொத்’ என்று வரும். உள்ளே சேறும் துருத் தூளும் அடைந்திருக்கும்.

முதலில் வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே அடிப்பக்கத்தில் துளைகள் இருக்கும், சேறு அடைத்திருக்கும். அவற்றை வெல்டு வைத்து மூடுவது பெரிய தவறு. அழகுக்காக அப்படிச் செய்த சேஸிகளை நானே மறுபடி துளையிட்டிருக்கிறேன். அப்புறம் நீர்பீய்ச்சியால் உள்ளே கழுவி, காற்றடித்து, வெயிலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். நீளக் குழாய் முனையில் சுற்றிலும் தெளிக்கும் நாசில் பொருத்தி, உள்ளே பிரைமரோ துரு மாற்றியோ ஓட்டுங்கள்.

மேல்பூச்சு எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகக் கேவிட்டி வேக்ஸ். மெழுகும் எண்ணெயும் கலந்த அது இறுகாமல், ஊர்ந்துபோய் வெல்டு இடுக்கிலெல்லாம் நிரம்பும். துளை வழியே சொட்டும்வரை அடியுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். வெல்டிங், பவுடர் கோட்டிங் இரண்டுக்கும் முன்னால் இதை அடிக்கவே கூடாது, எரியும்.

எங்க வண்டி ராமேஸ்வரம் பக்கம், மீன் லோடு கூட ஏத்துவோம். எது அடிச்சாலும் ரெண்டே வருஷம். கால்வனைஸ் பண்ணிடலாமா?

உங்களுக்கு அது பொருந்தும். ஹாட் டிப் கால்வனைசிங் என்பது சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சேஸியையும் முக்குவது. உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் பூச்சு ஏறும், முந்தின கேள்வியில் சொன்ன உள்துருவுக்கும் இதுவே பதில். கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கால்வனைஸ் செய்த மாற்றுச் சேஸி வாங்கிப் போடுவது இதனால்தான்.

ஆனால் ஆபத்தும் இருக்கிறது. மூடிய அறை எதுவும் சேஸியில் இருக்கக் கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகி வெடிக்கும், தொட்டிப் பக்கம் நிற்பவருக்கு உயிராபத்து. எங்கெங்கே துளை வேண்டும் என்று கால்வனைசிங் ஆலைக்காரரிடமே காட்டிக் கேட்டுப் போடுங்கள். மெல்லிய தகடு வளையும். அதனால் முக்கி எடுத்தபின் குறுக்களவு பார்த்துத்தான் அச்சு பொருத்த வேண்டும். பழுதுபார்க்க வெல்டு செய்யும்போது துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டுச் செய்யுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

எந்தப் பூச்சாக இருந்தாலும் மீன் லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். உப்பு நீர் ராத்திரி முழுக்க நிற்க விடாதீர்கள்.

அடியில தார் மாதிரி ரப்பர் கோட்டிங் அடிச்சுத் தர்றாங்களே, அதைச் சேஸிக்கும் அடிச்சுட்டா?

நல்ல பூச்சின் மேல், சக்கர வளைவில், கல்லடிக்கு மெத்தையாக அடிக்கலாம். துருவின் மேல் அடித்தால் அது மூடி போட்ட சட்டி. விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. துரு உள்ளே வளர்வதும் கண்ணில் படாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது அடியில் புதுக் கறுப்பு ரப்பர் கனமாகப் பூசியிருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

வீட்டுலயே கம்ப்ரசர் இருக்கு. டூ-கே நானே அடிச்சுக்கலாமா? மாஸ்க் போட்டுக்கறேன்.

எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் அடிப்பது வீட்டில் முடியும், கையுறை கட்டாயம். பாலியூரித்தேனை ஸ்பிரே செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனையால் அது எச்சரிக்காது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் துளி பட்டாலே ஆஸ்துமா வரும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியோடுதான் அடிக்க வேண்டும். அது இல்லாதவர்கள் எபாக்ஸி இரண்டு கோட், மேலே பிரஷ்ஷால் நல்ல சேஸி பிளாக் எனாமல். கொஞ்சம் சீக்கிரம் மங்கும், மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

வேலை சரியா பண்ணியிருக்காங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?

பூச்சின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டர் கடைக்காரரிடம் இருக்கும். உள்மூலையிலும் வெல்டு மேலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையான முகத்தில் எல்லோருக்கும் நல்ல எண் வரும். பவுடர் வெந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணில் படாத இடத்தில் எம்.இ.கே. என்ற கரைப்பானில் நனைத்த துணியால் பலமுறை தேய்க்கலாம். துணியில் நிறம் நன்றாக இறங்கி, பூச்சு மெத்தென்று ஆனால் அரைவேக்காடு. கூடவே ஒரு துண்டு இரும்பையும் அதே பிளாஸ்டிங், அதே அடுப்பில் போட்டு வாங்குங்கள். அதை வளைத்து, கீறி, சுத்தியலால் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். சேஸி மேல் கை வைக்க வேண்டியதில்லை.

பவுடர் கோட்டிங் முடிஞ்சு வந்த பிறகு ஒரு பிராக்கெட் வெல்டு பண்ண மறந்தது ஞாபகம் வருது. இப்ப என்ன பண்றது?

முதலில் போல்ட் போட்டுப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வெல்டு வரும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் வரை பூச்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு வெல்டு செய்து, ஜிங்க் பிரைமர், எபாக்ஸி, அதே நிற டூ-கே என்று ஏற்றுங்கள். பவுடரின் ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, பெயின்ட் அதன்மேல் ஏறி நிற்கும்படி செய்ய வேண்டும். ஓரம் கத்தி முனை மாதிரி நின்றால் அங்கிருந்துதான் தண்ணீர் நுழையும். கல்லடித்துப் பெயர்ந்த இடத்துக்கும் இதே வைத்தியம், அந்த வாரத்திலேயே.

ஃப்ரேமைக் கறுப்புலேர்ந்து சிவப்பா மாத்தினா ஆர்.டி.ஓ.ல பிரச்சினை வருமா?

ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரத்துக்கு வண்டி மாறுபடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஜீப் சேஸியைக் கறுப்பிலேயே மறுபடி அடிப்பதில் ஒன்றுமில்லை. வண்டியின் நிறமே மாறுவதுபோல் இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். சேஸியை வெட்டி நீட்டுவது, குறைப்பது எல்லாம் நிறப் பிரச்சினையே இல்லை. அனுமதி இல்லாத அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

எல்லாம் பூட்டி 300 கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜின் மவுன்ட் போல்ட்டெல்லாம் லூசாகுது. மரை போயிடுச்சா?

அநேகமாக மரை நன்றாகத்தான் இருக்கும். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் பூச்சு இருக்கிறது. இறுக்கத்தில் அது மெல்ல நசுங்கி இடம் கொடுக்கிறது, போல்ட்டின் பிடி தளர்கிறது. மறைக்க வேண்டிய முகங்களில் இன்ஜின் மவுன்ட்டைச் சேர்த்தது இதற்காகத்தான்.

இப்போது செய்ய வேண்டியது: போல்ட்டைக் கழற்றி, வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுங்கள். வெற்று இரும்பில் மெல்லிய ஒரு கை ஜிங்க் பிரைமர் தொட்டு, காய்ந்ததும் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) குறித்த அளவுக்கு இறுக்குங்கள். போல்ட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த 500 கிலோமீட்டரில் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படியே டார்க் ரென்ச்சையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.